நிறத்தைச் சொல்கிறவர்கள்

என்ன வண்டி என்று போனில் கேட்டால்
நிறத்தைச் சொல்வார்கள்.
"வெள்ளைக் காருண்ணே, செக்கானூரணி தாண்டி, புளியமரத்தடியில."
நான் திரும்பக் கேட்பதில்லை.
பெயர் சொல்லக் கூசுகிற வண்டி
இந்த ரோட்டில் ஒன்றுதான்.
டெல்மோ.

பதினோரு வருஷமாக
நின்றுபோனவற்றைத் தூக்கிவந்து
பழங்காநத்தத்தில் இறக்குகிறேன்.
சங்கிலி, கொக்கி, இருநூறு பக்க நோட்டு.
தேதி, இடம், வண்டி, கோளாறு, வாங்கிய காசு.
போன வருஷம் இருநூற்றுப் பதினாறு.
அதில் டெல்மோ எண்பத்தொன்று.

ஒர்க்‌ஷாப் ஒச்சப்பனுக்கு இந்தக் கணக்கு போதும்.
"தகர டப்பாவுக்கு டயர் மாட்டி வித்திருக்கான்" என்பான்.
நானும் சிரிப்பேன்.
சிரித்துக்கொண்டே பில் போடுவோம்.

அக்கினி நட்சத்திரத்தில் ஒரு மதியம்
ஆண்டிபட்டிக் கணவாயிலிருந்து அழைப்பு.
"டெல்மோ. வாங்கி ஏழு வருஷம். இன்னைக்குத்தான் மொத தடவ நிக்குது."
பெயரை முதலில் சொன்ன ஒரே ஆள்.
போய்ப் பார்த்தால்
பானெட்டின் மேல் ஈரத்துண்டை விரித்துவிட்டு
பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தார்
நர்ஸ் வியாகுலமேரி,
காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் காவல் இருப்பதுபோல.
அறுந்தது பெல்ட், அவ்வளவுதான்.
ஏழு வருஷத்து சர்வீஸ் பில்லும்
எக்ஸ்ரே உறைக்குள் அடுக்கியிருந்தது.

நோட்டை எடுத்து எழுதினேன்.
எட்டிப் பார்த்தார்.
"ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு எண்ணுனா
ஊரே சீக்குதான் தம்பி."

அன்று ராத்திரி கப்பலூர் டோல்கேட்டில்
சும்மா நின்ற ஒரு மணி நேரத்தில் எண்ணினேன்.
முப்பத்து நான்கு டெல்மோ.
பின்சீட்டில் பிள்ளைகள் வாய் பிளந்து தூங்க,
மேலே கட்டிய சைக்கிளோடு ஒன்று,
வாழைத்தாரோடு ஒன்று.
எதுவும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
ஓடுகிறதை எழுத
என் நோட்டில் கட்டமே இல்லை.

அதற்காகக் கம்பெனிக்காரனை
உத்தமன் என்று சொல்லமாட்டேன்.
கதவுப் பிடி கையோடு வரும்.
முதல் மழைக்கே லைட்டுக்குள் தண்ணீர் நிற்கும்.
எலிக்குப் பந்தி வைத்ததுபோல் ஒயர்.
மிச்சம் பிடித்த ஒவ்வொரு ரூபாயும்
எங்கே என்று கைவைத்துக் காட்டுவேன்.

ஆனால் மூடியைத் திறந்தால்
ரேடியேட்டரில் போர்த்தண்ணி,
உப்பு வெள்ளையாய்ப் பூத்திருக்கும்.
கூலன்ட் அறுநூறு ரூபாய்.
அந்த மாசம் ஸ்கூல் பீஸ்.
ஐந்து பேர் சீட்டில் ஒன்பது பேர்
அழகர்கோவில் மொட்டைக்கு.
நூல் தெரிகிற டயர்,
இன்னும் இரண்டு வருஷ டியூ.
இதே தண்ணியை
இருபது லட்ச ரூபாய் வண்டிக்கு ஊற்றிப் பார்க்க
எவனுக்கு மனசு வரும்?

இனி சொல்லப்போவது
ஒச்சப்பனுக்குத் தெரியாது.
என் வீட்டு வாசலில் நிற்பதும் டெல்மோதான்.
சிலைமான் ஜபருல்லா விற்றது.
ஒன்று எழுபது சொன்னார்.
நான் பேரம் பேசவில்லை, நோட்டைப் பிரித்தேன்.
எண்பத்தொன்றையும் விரல் வைத்துக் காட்டினேன்.
அவர் முகம் சுருங்கிற்று.
ஒன்று ஐந்துக்கு முடிந்தது.
அதிலிருந்து பேட்டரி ஒன்று மாற்றினேன்.
வேறு செலவில்லை.

போன வாரம் அவரே கூப்பிட்டார், விரகனூர் ரவுண்டானாவிலிருந்து.
பெரிய கம்பெனி, புதுவண்டி.
பெயரை நிறுத்தி, ஊர்ப்பெயரோடு சேர்த்துச் சொன்னார்.
கியர்பாக்ஸ் போயிருந்தது.
"எந்திரம்னா அப்படித்தான், ஏதோ நேரம்" என்றார்.
என் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தவர்
தெப்பக்குளம் வந்ததும் கேட்டார்:
"அந்த டெல்மோ எப்படிப்பா ஓடுது?"

அறுபத்தைந்தாயிரம் ரூபாய்
தொண்டையில் வந்து நின்றது.

"ஏதோ ஓடுதுண்ணே" என்றேன்.